குழந்தை நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் குடல்வால்

என் மருத்துவ ஃபைலைப் புரட்டினால் அடுத்தடுத்த நான்கு நாட்களில் நான்கு வியாதிகள் எழுதியிருக்கும். சனிக்கிழமை அசிடிட்டி. ஞாயிறு யூரின் இன்ஃபெக்ஷன். திங்கள் வலது கிட்னியில் நீர் கோத்திருக்கிறது. செவ்வாய் குடல்வால் அழற்சி, அதாவது ஊரில் எல்லோரும் அப்பெண்டிக்ஸ் என்று சொல்வது. கடைசியாக எழுதியதுதான் சரி. அப்போது எனக்கு 23 வாரம், முதல் குழந்தை. வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் குளித்தலையில் மாமியாரோடு இருந்தேன். அத்தைக்கு மூட்டுவலி, பஸ் படி ஏற முடியாது. அதனால் முதல் மூன்று நாளும் தனியாகத்தான் அலைந்தேன். அந்த மூன்று நாளில் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னொரு பெண்ணுக்கு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு சொந்தத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அஞ்சாம் மாதத்திலிருந்து எனக்கு அகோரப் பசி. அன்றைக்கும் நன்றாகவே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தபின் பதினோரு மணி வாக்கில் தொப்புளைச் சுற்றி ஒரு மந்தமான வலி. இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு முறை வாந்தி. "கல்யாண வீட்டு எண்ணெய், வேறென்ன" என்று அத்தை ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. முந்தின நாள்வரை மூன்று வேளையும் போதாமல் தின்றுகொண்டிருந்தவளுக்கு ஒரே ராத்திரியில் பசி செத்துவிட்டது. "வயிறு கட்டியிருக்கு, கொஞ்சம் விளக்கெண்ணெய் குடி" என்றார் அத்தை. அந்த வாடையே ஆகாது என்பதால் மறுத்தேன். அறிவோடு செய்த காரியம் இல்லை, ஆனால் அந்த வாரத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால் அது வெடிக்கக்கூடும், கர்ப்பத்தில் விளக்கெண்ணெய் கருப்பையையும் சுருங்கவைக்கும் என்று சர்ஜன் பின்னால் சொன்னார்.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மசக்கை வாந்தி பெரும்பாலும் நான்கு, ஐந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். அடங்கிப்போன வாந்தி ஆறாம் மாதத்தில் திடீரென்று வந்தால், அதுவும் வலி முதலில் வந்து வாந்தி பின்னால் வந்தால், மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு இந்த வரிசை அப்படியே இருந்தது. ஆனால் என்னிடம் யாரும் வரிசையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "வயித்து வலி, வாந்தி" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை பக்கத்து நர்சிங் ஹோம். டியூட்டி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பட்டும் படாமலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார். "பேபி நல்லாருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார். எனக்கும் உடனே பாதி வலி போன மாதிரி இருந்தது. அசிடிட்டிக்கு ஓர் ஊசி, வாந்திக்கு ஓர் ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து 850 ரூபாய். வீட்டுக்கு வந்து தூங்கினேன். இரவில் விழிப்பு வந்தபோது வலி இடம் மாறியிருந்தது. தொப்புளை விட்டுவிட்டு வலது பக்கம் இறங்கி, இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே நின்றது. இப்போது விரல் வைத்துக் காட்ட முடிந்தது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது பக்கம் போய் உட்காரும் வலி குடல்வாலுக்கே உரியது என்பது எனக்குத் தெரியாது. "சூட்டு வலியா இருக்கும்" என்று அத்தை சீரகத்தண்ணி வைத்தார். சூட்டு வலி விட்டு விட்டு வரும், வயிறு முழுக்கக் கல்லாக இறுகித் தளரும். இது விடவே இல்லை. ஒரே இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சிறிய ஊரில் வயிறு வலிக்கக் கூடாது. ஸ்கேன் சென்டர் பூட்டிக் கிடந்தது. வேறொரு கிளினிக்கில் ரத்தமும் யூரினும் எடுத்தார்கள். யூரினில் பஸ் செல்கள், அதாவது சீழ் அணுக்கள், 8 முதல் 10. ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் டோட்டல் கவுண்ட் 15,800. யூரின் இன்ஃபெக்ஷன் என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். "கவுண்ட் ஏன் இவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன். "கர்ப்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அது பொய்யும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு வெள்ளை அணுக்கள் 16,000 வரைகூட இயல்பாகவே ஏறும். அதனாலேயே அந்த எண் நமக்கு உதவாது. கூடினாலும் சந்தேகிக்க முடியாது. பஸ் செல்லும் அப்படித்தான். வீங்கிய குடல்வால் சிறுநீர்க்குழாய்க்கோ சிறுநீர்ப்பைக்கோ பக்கத்தில் கிடந்தால், யூரினில் கிருமியே இல்லாவிட்டாலும் கொஞ்சம் பஸ் செல் வரும். எனக்கு எரிச்சல் இல்லை, அடிக்கடி போகவும் இல்லை. அதைச் சொன்னேன். "எல்லாருக்கும் எரிச்சல் இருக்காதும்மா." 1,940 ரூபாய்.

திங்கட்கிழமை ஸ்கேன். மூன்றாவது நாள், ஜுரம் 100 டிகிரி. குழந்தையைத் திரையில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டு அது பாட்டுக்குக் கிடந்தது. ரிப்போர்ட்டில் குழந்தைக்கு ஒரு பக்கம். எனக்கு இரண்டு வரி: வலது கிட்னியில் லேசாக நீர் கோத்திருக்கிறது, அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை. அந்த இரண்டாவது வரியை நான் "அப்பெண்டிக்ஸில் பிரச்சினை இல்லை" என்று படித்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரும் அப்படித்தான் படித்தார் போல. கல் இருக்கலாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஸ்கேனுக்கும் பீஸுக்கும் 1,800.

இந்த வரியைப் பற்றி நான் மேடை போட்டுச் சொல்லத் தயார். "தெரியவில்லை" என்றால் தெரியவில்லை, அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. வயிறு பெரிதாகப் பெரிதாகக் கருப்பை முன்னால் வந்து மறைத்துக்கொள்ளும், குடல்வாலும் மெல்ல மேலே தள்ளப்படும். அல்ட்ராசவுண்டில் அது கண்ணில் படாமல் போவது கர்ப்பிணிகளுக்குச் சாதாரணம். வலது கிட்னியில் லேசாக நீர் கோப்பதும் சாதாரணம்தான். வளரும் கருப்பை வலது பக்கச் சிறுநீர்க்குழாயை அழுத்துவதால் பாதிப் பேருக்கு மேல் இருக்கும் சங்கதி. ஆக என் உடம்பில் இயல்பாக இருந்த ஒன்றை நோய் என்று எழுதினார்கள், நோயாக இருந்ததை இயல்பு என்று விட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கர்ப்பிணி வந்தால் முதலில் குழந்தையைப் பார்க்கிறார்கள், குழந்தை நன்றாக இருந்தால் வந்த வேலை முடிந்துவிடுகிறது. நானும் அப்படித்தானே இருந்தேன். மூன்று நாளும் "குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும்தான் கேட்டேன். "சரி, எனக்கு என்ன?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டு வீடு திரும்பும்போது ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கலில் வலது பக்கம் கத்தியால் கிழித்தது போல ஒரு வலி. அடுத்த வேகத்தடையிலும் அதே. கடைசியில் ஆட்டோக்காரரே, "அக்கா, இறங்கி நடந்துக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். நடந்தால் நிமிர முடியவில்லை, இருமினால் உயிர் போனது. மாலை என் தம்பிக்குப் போன் செய்து இதைச் சொன்னபோது, அவனுடைய ஃபார்மசிஸ்ட் நண்பன்தான் பக்கத்திலிருந்து, "குலுங்கும்போது வலிக்குதுன்னா குடல்வாலான்னு சர்ஜன்கிட்ட கேக்கச் சொல்லு" என்றான். நான்கு நாட்களில் அந்தச் சொல் ஒருவர் வாயிலிருந்து வந்தது அப்போதுதான்.

செவ்வாய் விடியற்காலை கார் பிடித்துத் திருச்சிக்குக் கிளம்பினோம், 2,200 ரூபாய். தம்பி கூட வந்தான். தொண்டை வறண்டதால் டோல்கேட் அருகே நிறுத்தி ஒரு காபி குடித்தேன். அது தப்பு. பால் கலந்த எதைக் குடித்தாலும் மயக்க மருந்து கொடுக்க ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். கடுமையான வயிற்று வலியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்றால் வழியில் எதையும் வாயில் வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்து டாக்டர் சொன்ன பிறகு குடித்துக்கொள்ளலாம்.

அங்கே மகப்பேறு டாக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, உடனே ஜெனரல் சர்ஜனை அழைத்தார். சர்ஜனுக்கு ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். என்னை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார். கருப்பை அந்தப் பக்கம் சரிந்துவிடும், வலது பக்கத்தில் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியபோது பொறுத்தேன், கையை எடுத்தபோது கத்திவிட்டேன். "எத்தனை நாளா?" என்றார். "வெள்ளிக்கிழமை ராத்திரியிலேர்ந்து சார்." அவர் முகம் மாறியது. உடனே எம்.ஆர்.ஐ. எழுதினார். எனக்கு உதறல் எடுத்தது, குழந்தைக்குக் கதிர் படுமே என்று. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது, காந்தம்தான். கர்ப்பிணிகளுக்கு, படம் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றாமல் எடுப்பார்கள் என்று விளக்கினார். எம்.ஆர்.ஐ. இல்லாத இடத்தில் அவசரமென்றால் சி.டி. எடுப்பதும் உண்டு, ஒரு சி.டி.யின் கதிர் குழந்தைக்குக் கேடு விளையும் அளவைவிடக் குறைவு, குடல்வால் வெடிப்பதுதான் அதைவிட ஆபத்து என்றார். 7,500 ரூபாய். உள்ளே சத்தம் காது கிழியும், பஞ்சு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குடல்வால் 11 மில்லிமீட்டர் வீங்கியிருந்தது. 6 மில்லிமீட்டர் வரை இயல்பாம். இடமும் தொப்புள் மட்டத்துக்குக் கிட்டே ஏறியிருந்தது. ஆபரேஷன் வேண்டும் என்றார் சர்ஜன். "மருந்துலயே சரி பண்ண முடியாதா சார்? குழந்தை பொறக்குற வரைக்கும்?" என்று கெஞ்சினேன். அவர் நேராகச் சொன்னார். வெடிக்காத நிலையில் எடுத்துவிட்டால் குழந்தை தவறுவது நூற்றில் இரண்டு மூன்று. வெடித்துவிட்டால் இருபதைத் தாண்டி, முப்பத்தைந்து வரைக்கும் போகும். ஆபரேஷனுக்குப் பயந்து காத்திருப்பதுதான் குழந்தைக்கு எமன். பின்னால் படித்தேன், பேப்லர் என்ற அமெரிக்க சர்ஜன் 1908இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்: கர்ப்பத்தில் குடல்வாலால் வரும் சாவு தாமதத்தால் வரும் சாவு. நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

அப்புறம் கையெழுத்துப் பிரச்சினை. கணவர் கையெழுத்து வேண்டும் என்று வார்டு ஆபீஸில் பிடிவாதம். அவர் அப்போது விக்கிரவாண்டி தாண்டி பஸ்ஸில். தம்பி போடுகிறேன் என்றால் ஏற்கவில்லை. காபியால் ஏற்கெனவே காத்திருந்தேன், இதற்காக மேலும் ஒன்றரை மணி நேரம். சுயநினைவோடு இருக்கும் 18 வயது நிரம்பியவர் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்திட்டால் சட்டப்படி போதும். அது எனக்குத் தெரியாததால் கட்டிலில் கிடந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சர்ஜனே வந்து, "அவங்க உடம்பு, அவங்க போடட்டும்" என்று பேப்பரை என் கையில் கொடுத்தார். கை நடுங்கியதில் என் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. தியேட்டர் வாசலில் தம்பி மட்டும் நின்றான். நான் அழவில்லை, ஆனால் வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையிடம் மன்னிப்பு மாதிரி என்னவோ முனகினேன்.

லேப்ராஸ்கோப்பிதான், அதாவது வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. மூன்று துளைகள். ஆறு மாத வயிற்றில் துளை போடுவதா என்று நான் பயந்தது வீண். கருப்பையின் உயரத்தைப் பார்த்து முதல் துளையை மேலே போடுகிறார்கள், வாயு அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள், மேசையை இடது பக்கம் சாய்க்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குழந்தையின் துடிப்பைப் பார்த்தார்கள். முன்னால் 152, பின்னால் 146. இந்த இரண்டு எண்ணும் எனக்குச் சாகும்வரை மறக்காது. குடல்வாலின் நுனி கறுத்து அழுகத் தொடங்கியிருந்தது, வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யூரினுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் அதைக் கொஞ்சம் அமுக்கி வைத்திருக்கலாம் என்றார் சர்ஜன். தப்பான வியாதிக்கு எழுதிய மருந்து எனக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அன்று இரவு வயிறு நான்கைந்து முறை இறுகியது. உடனே நர்ஸிடம் சொன்னேன், கருப்பைச் சுருக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்தார்கள், விடிவதற்குள் நின்றது. ஆபரேஷன் வலிதானே என்று பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். புண்வலி வேறு, இறுகும் வலி வேறு. இரண்டாம் நாள் தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவின் மிச்சமாம், தானாகப் போய்விட்டது. கர்ப்பத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதால் இறுக்கமான சாக்ஸ் போட்டு மறுநாளே நடக்கவைத்தார்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் பாதி வலி குறையும். வலிக்கு பாராசிட்டமால்தான். வீட்டில் கிடக்கும் வேறு வலி மாத்திரை எதையும் கேட்காமல் போடக் கூடாது, சில மாத்திரைகள் ஐந்து மாதத்துக்குப் பிறகு குழந்தையின் கிட்னிக்கு ஆகாது என்று எழுதியே கொடுத்தார்கள்.

இனி பணம். பில் 1,24,300 ரூபாய். வீட்டுக்காரரின் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தோம். அவர்கள் 50,000 மட்டும் கொடுத்தார்கள். ஏன் என்று பார்த்தால், கர்ப்பிணி என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு மகப்பேறு கணக்கில் போட்டிருக்கிறார்கள். மகப்பேறுக்கு உச்சவரம்பு 50,000. டாக்டர்களுக்கு நடந்த அதே குழப்பம் இன்சூரன்ஸ்காரர்களுக்கும்! மீதி 74,300க்கு என் மூன்று பவுன் செயின் அடகுக்குப் போனது. அதோடு பிரசவத்துக்கு இருந்த பணமும் கணக்கில் தீர்ந்துவிட்டது. பிறகு சர்ஜனிடம் போய், "இது குடல்வால் அழற்சிக்கான அவசர அறுவை, கர்ப்பத்தால் வந்ததல்ல" என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி, எடுத்த குடல்வாலின் பயாப்சி ரிப்போர்ட்டையும் சேர்த்து மேல்முறையீடு அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து 61,800 வந்தது. கையுறை, பஞ்சு, சாப்பாடு என்று 12,500 வரவே இல்லை. அடகு வட்டி தனி. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போதே நோயின் பெயர் முதல் வரியில் குடல்வால் என்று இருக்கிறதா பாருங்கள், கர்ப்பம் கூடுதல் தகவலாக இரண்டாவது வரியில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் மறுத்தால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்; சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நாங்கள் அங்கே போகப்போகிறோம் என்று எழுதிய பிறகுதான் எங்கள் கடிதத்துக்கு அசைவு வந்தது.

பள்ளிக்கூட வேலைக்கு ஐந்து வாரம் போகவில்லை, சம்பளமும் இல்லை. 38 வாரத்தில் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், பெண், 2.7 கிலோ. வயிற்றில் தையல் போட்ட உடம்பு, சிசேரியன்தான் என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பே சொல்லியிருந்தார்கள். குடல்வால் ஆபரேஷன் கருப்பையைத் தொடுவதில்லை, பிறகென்ன.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் ஏழு மாத வயிற்றோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, ரெண்டு நாளாக வயிற்று வலி, சூட்டு வலி போல இருக்கிறது என்றாள். நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அத்தையின் குரல் கேட்டது. "சூட்டு வலி கிடக்கட்டும். எங்க ஆரம்பிச்சுது, இப்ப எங்க வலிக்குது? வண்டி தூக்கிப் போட்டா குத்துதா?"